ஒரே ஒரு மீட்டர் வாங்குவதென்றால்



காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று வாங்கினாராம். வார நாட்களில் புல் வெட்டும் குத்தகைக்குப் போகிறது. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் ஏற்றுகிறது. குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். "தம்பிமார் எல்லாரும் வண்டியில் கூடுதலாக மீட்டர் பொருத்துகிறார்கள். எனக்கு ஒரே ஒரு மீட்டர் வாங்கத்தான் வசதி உண்டு. எது வாங்கலாம், ஐயா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில், "மகன் பூஸ்ட் மீட்டர் வேண்டும் என்கிறான்" என்று ஒரு வரியும் இருக்கிறது.

கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி பிடிக்கிறவனிடம் டீசல் வண்டியைப் பற்றிக் கேட்கலாமா என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் என் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

என் தங்கை கணவரும் இப்படித்தான் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதமே ஓர் அக்சசரி கடையில் பூஸ்ட் மீட்டர் பொருத்திக்கொண்டு வந்தார். முன்கண்ணாடித் தூணில் ஒரு குமிழ், அதற்குள் நீல வெளிச்சம். எண்ணெயை மிதித்தால் முள் சர்ரென்று ஏறும், காலை எடுத்தால் பொத்தென்று விழும். "மச்சான், எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்று சொன்னவன் நான்தான். வேறென்ன கடைகளில் விற்கிறது, எதற்கு எது பயன்படும் என்று நான் அப்போது கேட்கவே இல்லை. பிள்ளைகளுக்கு, "கேள்வி கேட்டுப் பழகுங்கள்" என்று தினமும் சொல்லுகிறவன்!

அந்த வருடத் தைப்பூசத்துக்கு முந்திய நாள். பத்துமலையில் எங்கள் சொந்தக்காரர்கள் சேர்ந்து போட்ட தண்ணீர்ப் பந்தலுக்காக இவர் பெந்தோங்குக்குப் போய் இளநீரும் இஞ்சியும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலையில் திரும்பினார். கெந்திங் செம்பா ஏற்றம் உங்களுக்குத் தெரியும். பாரம் ஏற்றிய வண்டி அங்கே மூச்சு வாங்கும். அந்த ஏற்றத்தில்தான் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு கீறல் விட்டிருக்க வேண்டும். மேலேயிருந்து கோம்பாக் வரைக்கும் இறக்கம், ஆகவே ஒன்றும் தெரியவில்லை. நடுவட்டச் சாலைக்கு வந்ததும் பத்துமலைக்குப் போகிற கூட்டம். வண்டிகள் ஆமை போல ஊர்ந்தன. ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

வண்டியோடு வந்த வெப்ப முள் எங்கே இருந்தது தெரியுமா? நடுவில்! கடைசி வரைக்கும் நடுவில்தான் இருந்ததென்று அவர் சத்தியம் செய்கிறார். பிறகு முள் சற்று இறங்கவும் செய்ததாம். 'பரவாயில்லையே, குளிர்ந்துவிட்டது' என்று நினைத்தாராம். நீல வெளிச்ச மீட்டரோ ஊர்கிற வண்டியில் சைபரில் தூங்கிக்கொண்டிருந்தது. குகையின் சுண்ணாம்புப் பாறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டியது, வெள்ளைப் புகை கக்கியது, நின்றது. நின்றது நின்றதுதான். சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் வெடித்து, ஒரு பிஸ்டனும் சிராய்ந்திருந்தது. இளநீரைத் தலையில் சுமந்து பந்தலுக்குக் கொண்டுபோனோம். வண்டி 2 மாதம் பட்டறையில் கிடந்தது. அந்த 2 மாதமும் என் தங்கை அடகுக் கடைக்கு நடந்தாள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நேயர்களே, வண்டியில் ஒரு மீட்டர் பொருத்துவது வீட்டில் ஒரு காவல்காரனை வைப்பது போன்றது. ஒரே ஒருவனுக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் எந்த வாசலில் நிறுத்துவது? எந்த வழியாகத் திருடன் வந்தால் வீடே போய்விடுமோ, அந்த வாசலில். அவன் வருவது நம் கண்ணுக்கும் காதுக்கும் தானாகத் தெரியாத வாசலாகவும் அது இருக்க வேண்டும். அவன் கூப்பிட்டபிறகு நாம் ஓடிவந்து ஏதாவது செய்ய நேரமும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடையில் விற்கும் மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் மகன் கேட்கிற பூஸ்ட் மீட்டர். டர்போ என்னும் விசிறி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதைக் காட்டுவது இது. பழைய மாதிரி மீட்டருக்குள் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கும், அதோடு முள் நகரும். பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் என்பவர் 1849-இல் காப்புரிமை பெற்ற யுக்தி அது. அருமையான யுக்திதான். ஆனால் கம்பெனி கொடுத்தபடியே ஓடுகிற வண்டியில் இது நமக்குப் புதிதாக என்ன சொல்லும்? டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் கிழிந்தால் அழுத்தம் குறையும். அதை மீட்டர் இல்லாமலே அறியலாம். வண்டி இழுக்காது, கரும்புகை வரும், 'புஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கும். அப்படியே 2 நாள் ஓட்டினாலும் பெரும்பாலும் வண்டி செத்துவிடாது. ஆகவே பூஸ்ட் மீட்டரை ஒன்றுமில்லாதது என்று சொல்ல மாட்டேன். முதலாவதாக வாங்க வேண்டியதில்லை என்கிறேன். (வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் கார்களுக்கென்று செய்த மீட்டரில் பாதி முகம் சைபருக்குக் கீழே இருக்கும். சாதாரண டீசல் எஞ்சினில் முள் அந்தப் பக்கம் போகவே போகாது. பாதி மீட்டருக்குக் காசு கொடுத்து ஏமாற வேண்டாம்.)

அடுத்தது எண்ணெய் அழுத்த மீட்டர். இதற்கு நியாயம் உண்டு. வண்டியில் இருக்கிற சிவப்பு எண்ணெய் விளக்கு, அழுத்தம் ஏறத்தாழ அரை பார் அல்லது அதற்கும் கீழே போன பிறகுதான் எரியும். வேகமாக ஓடுகிற எஞ்சினுக்கு அது சாகும் நிலை. ஆனால் நம்மவர் வண்டிகளில் எண்ணெய் தீர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: குச்சியை எடுத்துப் பார்ப்பதில்லை! வாரத்துக்கு ஒரு நாள், வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், சமதளத்தில் நிறுத்தி எண்ணெய்க் குச்சியைத் துடைத்துப் பார்க்கிறவனுக்கு இந்த மீட்டரின் வேலையில் முக்கால்வாசி இலவசமாகவே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, புகைவெப்ப மீட்டர். பட்டறைகளில் 'இ.ஜி.டி' என்பார்கள். எஞ்சினிலிருந்து வெளியே வரும் புகை எத்தனை டிகிரி என்று காட்டும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், வெளிநாட்டு மோட்டார் நூல்களைப் படித்தவர்கள் பலர், 'ஒன்றே ஒன்று என்றால் இதுதான்' என்று அடித்துச் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. யாருக்குச் சொல்லுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1821-இல் ஜெர்மானியரான சீபெக் என்பவர் இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமாகச் சேர்த்து ஒரு சேர்க்கையைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் முள் அசைந்தது. சூட்டினால் மின்சாரம் பிறந்திருந்தது. புகைவெப்ப மீட்டரில் இருப்பதும் அதே வித்தைதான். ஒரு சிறு கம்பிக்குள் இரண்டு உலோகக் கலவைகள் சேர்ந்திருக்கும். 700 டிகிரி சூட்டில் அது தருவது 1 வோல்ட்டில் ஏறத்தாழ 34-இல் ஒரு பங்கு. அவ்வளவு சொற்ப மின்சாரத்தை அளந்துதான் எண்ணாகக் காட்டுகிறது.

டீசல் எஞ்சினுக்குள் எண்ணெயை அதிகமாக ஊற்ற ஊற்றப் புகையின் சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் அளந்து, நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நிற்க விடக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிஸ்டன் செய்த அலுமினியக் கலவை 660 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே உருகத் தொடங்கும். குளிர்ந்த எண்ணெயும் தண்ணீரும் சூட்டை இழுத்துக்கொள்வதால் பிஸ்டன் புகையளவு சூடாவதில்லை. ஆனால் எல்லை அதிகத் தூரத்தில் இல்லை என்று தெரிகிறதல்லவா? எஞ்சின் கம்ப்யூட்டரில் 'சிப்' மாற்றி பவர் ஏற்றியவர்கள், பின்னால் கனமான இழுவை வண்டி மாட்டி மலை ஏறுகிறவர்கள், இவர்களுக்கு இந்த மீட்டர் உயிர் காக்கும். காலைச் சற்றுத் தூக்கினால், ஒரு கியர் குறைத்தால், சில விநாடிகளில் எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

ஆனால் சிப் மாற்றாத வண்டியில், எவ்வளவு எண்ணெய் விட வேண்டும் என்பதைக் கம்பெனியே அளந்து பூட்டி வைத்திருக்கிறது. ஊசியோ டர்போவோ கெடாதவரையில் அந்தப் பூட்டு காவல் காக்கும். அதோடு, இந்த மீட்டரைச் சரியாகப் பொருத்த வேண்டுமானால் புகைக்குழல் இரும்பில் துளை போட வேண்டும். துளையிடும்போது விழும் இரும்புத் தூள் டர்போவுக்குள் போனால், காவல்காரனை வைக்கப் போய் நாமே கதவை உடைத்த கதையாகிவிடும். அந்த வேலை அறிந்த போர்மேன் செய்ய வேண்டியது, வீட்டு வாசலில் செய்யக்கூடியதல்ல.

(ஆட்டோ கியர் வண்டிக்குக் கியர் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டரும் உண்டு. பாரம் இழுக்கிறவர்களுக்கு அது நல்லது. கடிதம் எழுதியவரின் வண்டி கை கியர் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

ஆக, மீதி இருப்பது எஞ்சின் சூடு. "அதுதான் வண்டியிலேயே இருக்கிறதே, ஐயா!" என்பீர்கள். அந்த முள்ளை நம்பித்தான் நாங்கள் மோசம் போனோம்.

பல வண்டிகளில் அந்த முள் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. தண்ணீர் 75 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியைத் தாண்டினாலும் ஒரே இடத்தில், நடுவிலேயே, நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் அசைந்தாலும் வாடிக்கையாளர்கள் பயந்து கடைக்கு ஓடிவருகிறார்கள், அதனால்தான் இப்படி என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்லுவார்கள். 'எல்லாம் சரி' என்று மண்டையாட்டுகிற கணக்கப்பிள்ளை மாதிரி. அது நடுவை விட்டு மேலே கிளம்பும்போது பெரும்பாலும் காரியம் கை மிஞ்சியிருக்கும்.

இன்னொரு மோசம் இதைவிடப் பெரிது. தாய்மார்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பிரஷர் குக்கரில் தண்ணீர் இருந்தால் ஆவி வரும், விசில் அடிக்கும், நீங்கள் ஓடிவந்து அடுப்பை அணைப்பீர்கள். தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் வைத்தால்? ஆவி இல்லை, விசில் இல்லை. சத்தமே இல்லாமல் குக்கர் கருகும். எஞ்சினிலும் அதே கதைதான். வண்டியோடு வரும் வெப்ப முள், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு சிறு உணரியைக் கேட்டுத்தான் ஆடுகிறது. தண்ணீரே போய்விட்டால் அந்த உணரி வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது. காற்று, தண்ணீரைப் போலச் சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஆகவே இரும்பு தீயாய்க் கொதிக்கையில் முள் மட்டும் அமைதியாக இருக்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். தைப்பூசத்துக்கு முந்திய நாள் என் தங்கை கணவர் 'குளிர்ந்துவிட்டது' என்று மகிழ்ந்தது அந்த விநாடியைத்தான்.

சூடு ஏன் எஞ்சினைக் கொல்லுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிக்கப் எஞ்சின்கள் பலவற்றில் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே மூடியாக இருக்கும் ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சாதாரணச் சூட்டுக்கு ஏற்றபடிதான் போல்ட்டுகளால் இறுக்கிவைத்திருக்கிறார்கள். அளவு மீறினால் அலுமினியம் விரிய இடமில்லாமல் வளைந்துபோகும். இடையில் இருக்கும் கேஸ்கெட் பிய்யும். பிறகு தண்ணீர் எண்ணெயோடு கலக்கும். அதற்குமேல் செலவைக் கேட்காதீர்கள்.

ஆகவே வாசகருக்கு என் பதில் இது: எஞ்சின் ஹெட்டின் உலோகச் சூட்டையே நேராக அளந்து, எல்லை தாண்டினால் சத்தமாகக் கத்துகிற அலாரம் உள்ள வெப்ப மீட்டர். அந்த ஒன்றை வாங்குங்கள்.

உலோகத்தின் சூட்டை அளப்பதால் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்மையைச் சொல்லும். அலாரம் ஏன் முக்கியம் என்றால், மீட்டரை நாம் பார்த்துக்கொண்டே ஓட்டுவதில்லை. சாலையைப் பார்ப்போம், பக்கத்து லோரியைப் பார்ப்போம், பின்னால் பிள்ளைகள் சண்டையைத் தீர்ப்போம். முள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு வாய் இல்லை. கத்தாத மீட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பது என் பிடிவாதம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டார். "அதற்கு ஏன் மீட்டர்? வண்டியின் ஸ்டீயரிங் அடியில் இருக்கிற சோக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் கைப்பேசியிலேயே டிகிரி தெரியுமே, 50 வெள்ளிக்குள் கிடைக்கிறதே?" என்றார். உண்மைதான். அந்தச் சோக்கெட் உள்ள புதிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை வாங்கலாம். நடுவில் தூங்குகிற முள்ளை நம்புவதை விட, 88, 93, 97 என்று நிஜ எண்ணைப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கருவியும் தண்ணீருக்குள் இருக்கும் அதே உணரியைத்தான் கேட்டுச் சொல்லுகிறது. தண்ணீர் போனால் அதுவும் ஏமாறும். பாதிப் பாதுகாப்பு என்று தெரிந்து வாங்குங்கள்.

வாங்குகையில் கவனிக்க வேண்டியவை சில. பிக்கப் வண்டியின் மின்சாரம் 12 வோல்ட்; பெரிய லோரிக்குரிய 24 வோல்ட் மீட்டரைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். உணரியின் கம்பி 3 மீட்டராவது இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினிலிருந்து உங்கள் இருக்கை வரைக்கும் எட்டாது. அலாரம் எத்தனை டிகிரியில் அடிக்க வேண்டும் என்று நாமே மாற்றிவைக்கக்கூடியதாக இருக்கட்டும்.

பொருத்துவதற்கு முன்னால் அடுப்பங்கரையில் ஒரு பரீட்சை வையுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். உணரியின் நுனியை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் விட்டால் சைபரை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐந்தாறு டிகிரி தவறினால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். கேமரன் மலை வாசகர்கள் மட்டும் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பொருத்தும் இடம்தான் பாதி வேலை. வளையம் போன்ற உணரியை ஹெட்டின் மேல் இருக்கும் ஏதாவது ஒரு சிறு போல்ட்டின் அடியில் வைத்து இறுக்கலாம். கம்பி தாங்கும் தகட்டின் போல்ட், எஞ்சினைத் தூக்குவதற்கான கொக்கியின் போல்ட், இப்படி. ஹெட்டை எஞ்சினோடு பிணைத்திருக்கும் பெரிய போல்ட்டுகளைத் தொடவே கூடாது! ஒன்றைத் தளர்த்தினாலும் நாமே கேஸ்கெட்டைக் கெடுத்தவர்கள் ஆவோம். டர்போவுக்கும் புகைக்குழலுக்கும் பக்கத்திலும் வேண்டாம், அந்தச் சூட்டைக் காட்டி வீணாகப் பயமுறுத்தும். எந்தப் போல்ட் என்று சந்தேகம் இருந்தால் போர்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கால் மணி நேர வேலை. மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வருகிற கம்பியிலிருந்து, ஒரு சிறிய பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். கம்பியை நெளிகுழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள். செம்பனைத் தோட்டத்து எலிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பொருத்திவிட்டு உடனே அலாரம் எண்ணை வைத்துவிடாதீர்கள். வண்டிக்கு வண்டி, பொருத்திய இடத்துக்கு இடம், எண் வேறுபடும். முதல் 15 நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். காலையில் வெறும் வண்டி, மதியம் பாரத்தோடு, கூட்ட நெரிசலில் ஏர்கோனோடு, ஏற்றத்தில் என்று. உதாரணமாக, சாதாரணமாக 88, கடும் ஏற்றத்தில் 96 காட்டினால், அலாரத்தை 105-இல் வைக்கலாம். அதாவது நல்ல நாளில் கண்ட மிக உயர்ந்த எண்ணுக்கு மேல் எட்டு, பத்து டிகிரி. அதற்கும் குறைவாக வைத்தால் தேவையில்லாமல் கத்தும். புலி வருது கதைதான், பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்த நோட்டில் ஒரு லாபமும் இருக்கிறது. வழக்கமாக 88 காட்டிய அதே சாலையில், அதே பாரத்தில், சில மாதம் கழித்து 93 காட்டுகிறதென்று வையுங்கள். ரேடியேட்டரில் அழுக்கு அடைத்திருக்கலாம், விசிறியின் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமலிருக்கலாம். அலாரம் அடிக்கும் முன்னரே சின்னச் செலவில் முடித்துவிடலாம். புல் வெட்டப் போகிற வண்டியில் ரேடியேட்டரின் முகத்தில் புல் தூசி கம்பளம் போல ஒட்டியிருக்கும். கடிதம் எழுதியவர் அதை இப்பொழுதே போய்ப் பார்க்கவும்.

சரி, அலாரம் அடித்துவிட்டது. என்ன செய்வது? எண்ணைப் பாருங்கள். மெதுவாக ஏறுகிறதென்றால் பெரும்பாலும் தண்ணீர் இருக்கிறது, வேலை அதிகமாகிவிட்டது என்று பொருள். ஏர்கோனை அணையுங்கள், கியரைக் குறையுங்கள், அவசர விளக்கைப் போட்டு ஓரத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை உடனே அணைக்காமல் சற்று வேகமாகவே ஓடவிட்டால் விசிறி சுற்றும், தண்ணீர் ஓடும், எண் இறங்கும். (குளிர் நாட்டு நூல்களில் 'ஹீட்டரைத் திறந்துவிடு' என்று எழுதியிருப்பார்கள். நம் நாட்டுக்கு வரும் வண்டிகள் பலவற்றில் அது கிடையாது.) எண் மளமளவென்று ஏறினால், அல்லது கீழே தண்ணீர் கொட்டுகிறது, ஆவி வருகிறது என்றால் ஒரு விநாடியும் யோசிக்க வேண்டாம். ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். 'இன்னும் அரை மைல்தானே, பந்தல் வரைக்கும் போய்விடலாம்' என்கிற அந்த அரை மைல்தான் எங்களைத் தின்றது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ஆகவே உள்ளே 110 டிகிரியில் அமைதியாகக் கிடக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். கண் போனவர்கள் உண்டு. முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். மூடியின் ரப்பர் பழசாகிவிட்டால் அழுத்தம் நிற்காது. மூடியும் ரப்பர் குழாய்களும் வாங்கும் செலவு மீட்டரின் விலையை விடக் குறைவு. பழைய வண்டி வாங்கியவர்கள் மீட்டருக்கு முன்னால் அவற்றை மாற்றிவிட வேண்டும். நாங்கள் அதையும் செய்யவில்லை.

இத்தனை நேரம் டீசல் எஞ்சினைத் திட்டியதுபோல ஆகிவிட்டது. ருடோல்ஃப் டீசல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டது 1892-இல். பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடத் தொடங்கியதும் அதே 1892-இல்தான் என்பார்கள். அன்றைக்குக் காவடி தூக்கியவர்கள் பால் மரக் காலத்துக்கும் முந்தியவர்கள். இன்றைக்கு வண்டியில் ஊற்றுகிற டீசலிலேயே நம் வேர்வை இருக்கிறது. 2019-இல் இந்நாட்டில் போக்குவரத்து டீசலில் நூற்றுக்குப் 10 பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கும் திட்டம் தொடங்கியது. நீங்கள் அறுத்துப்போட்ட குலைதான் சுற்றிவந்து உங்கள் வண்டித் தொட்டிக்குள் விழுகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதன் பிறகு புது வண்டி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, இருக்கிற பழைய வண்டியையே காப்பாற்றப் பார்க்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்து பல.

என் தங்கை கணவரின் வண்டி மறுபடி ஓடுகிறது. இப்பொழுது அதில் மீட்டர் இரண்டு. நீல வெளிச்சம் தூணிலேயே இருக்கிறது, கழற்ற மனம் வரவில்லையாம். புதியது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், வெறும் மூன்று இலக்கச் சிவப்பு எண், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. சென்ற வருடம் ரவாங் தாண்டி ஒருமுறை கத்தியது. பக்கத்தில் இருந்த என் தங்கைதான் முதலில், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கூச்சலிட்டாளாம். இறங்கிப் பார்த்தால் தண்ணீர் பம்பின் ஓரத்தில் ஒழுக்கல். இழுவை வண்டியைக் கூப்பிட்டு, பம்பு மாற்றி, மறுநாளே வேலைக்குப் போய்விட்டார்.

காப்பார் வாசகருக்கு: பூஸ்ட் மீட்டருக்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் மகனிடம் அந்த 15 நாள் நோட்டை ஒப்படையுங்கள். நேரம், இடம், பாரம், டிகிரி என்று 4 கட்டம் போட்டு எழுதட்டும். எழுதி முடித்ததும் எண்களை எனக்கு அனுப்பிவைத்தால் அலாரத்தை எங்கே வைப்பதென்று சேர்ந்து பார்க்கலாம்.